வளைகோட்டின் நடுப்பகுதி

சென்னையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிளை ரயிலில் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுவந்தால், ஒரு நட்டுகூடத் தளராமல், ஒரு சொட்டு எண்ணெய்கூடக் குறையாமல், அதன் இழுவையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விட்டிருக்கும். எடுத்துக்கொண்டது காற்று. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் காற்றழுத்தம் 1010 மில்லிபாரை ஒட்டி இருக்கும்போது இங்கே அது 910-ஐ ஒட்டி நிற்கும். எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே இழுக்கும் காற்றின் எடை குறைகிறது. அந்தக் காற்றில் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைகிறது. பிஸ்டனைக் கீழே தள்ளும் அழுத்தமும் குறைகிறது. இங்குள்ள குளிர்ச்சி அந்த நஷ்டத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும், அவ்வளவுதான்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து வரும் தமிழ் இளைஞர்கள் பலர் ஊரிலிருந்து தங்கள் பைக்கைப் பார்சல் போட்டுக் கொண்டுவருகிறார்கள். வந்த சில நாட்களிலேயே சந்தேகம் தொடங்கிவிடும். "அண்ணா, வண்டில பிக்கப் கம்மியான மாதிரி இருக்கு" என்று கோணப்பன அக்ரஹாரத்து மெக்கானிக் கடைகளில் கேட்கும் குரல்களில் தஞ்சாவூரும் இருக்கும், திருநெல்வேலியும் இருக்கும். பிளக் மாறும், ஏர் ஃபில்டர் மாறும், சிலருக்கு சைலன்சரே மாறிவிடும். மாற்றிய அன்று வண்டி பறப்பதுபோல் இருக்கும். உண்மையில் என்ன கூடியது, என்ன குறைந்தது என்பதை அந்த உணர்வை வைத்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்ல டைனமோமீட்டர் வேண்டும். பட்டறைப் பேச்சில் டைனோ.

டைனோ தரும் ஒற்றைத் தாளை வாசிக்கக் கற்றுக்கொள்வது எஞ்சின் ஆர்வலர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. எந்த எண்ணை நம்பலாம், எதை எதோடு ஒப்பிடலாம், ஒன்றின் மதிப்பை அதன் உச்சத்தில் தேடுவதா, அது நாள்தோறும் உழைக்கும் இடத்தில் தேடுவதா என்ற கேள்விகளுக்கு அந்தத் தாளைவிடத் தெளிவாக விடை சொல்லும் ஆசிரியர் அபூர்வம்.

*

டைனோ அறையில் நடப்பது இதுதான். பின்சக்கரம் ஒரு கனமான எஃகு உருளையின்மேல் அமரும்படி பைக்கை நிறுத்துவார்கள். முன்சக்கரத்தைப் பிடியில் பூட்டி, வண்டியைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டுவார்கள். கியர்பெட்டியின் உட்சுழற்சியும் வெளிச்சுழற்சியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் கியரில், பெரும்பாலும் நான்காவதில் அல்லது ஐந்தாவதில், குறைந்த ஆர்பிஎம்மிலிருந்து திராட்டிலை முழுதாகத் திறந்து எல்லைவரை இழுப்பார்கள். ஓர் ஓட்டம் சில வினாடிகளில் முடிந்துவிடும்.

உருளையின் சடத்துவம் முன்பே துல்லியமாகத் தெரிந்த ஒன்று. அதை எவ்வளவு விரைவில் முடுக்க முடிந்தது என்பதிலிருந்து சக்கரம் உருளைக்குக் கொடுத்த திறனைக் கணினி கணக்கிடுகிறது. அந்தத் திறனை எஞ்சினின் சுழற்சி வேகத்தால் வகுத்தால் முறுக்குவிசை கிடைக்கும். இரண்டும் ஆர்பிஎம் வாரியாகத் தாளில் இரண்டு கோடுகளாக அச்சாகும். இதில் பலரும் கவனிக்காத ஒரு முடிச்சு உண்டு. திறனைக் கணக்கிட உருளை மட்டும் போதும்; முறுக்குவிசைக்கு எஞ்சினின் ஆர்பிஎம் சரியாகத் தெரிந்தாக வேண்டும். பிளக் ஒயரில் மாட்டிய கவ்வி தவறாக எண்ணினால் குதிரைத்திறன் கோடு உச்சத்தில் சரியாக இருக்க, முறுக்குவிசைக் கோடு மட்டும் பொய் சொல்லும். அழகான கோட்டைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்க வேண்டியது, ஆர்பிஎம் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதே.

இன்னொரு வகை டைனோ, உருளையை மின்காந்தத்தால் பிடித்து நிறுத்தும். எஞ்சினை 3500 ஆர்பிஎம்மிலேயே நிலையாக வைத்துக்கொண்டு, அந்த ஒரு புள்ளியில் பெட்ரோலையும் ஸ்பார்க் நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க அது இடம் தரும். வேகமாக ஓர் ஓட்டம் ஓட்டிப் படம் எடுப்பதற்கும் பொறுமையாக டியூன் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இந்த இரண்டு கருவிகளுக்கும் இடையில் இருக்கிறது.

அளவையின் வரலாறும் இதற்குள் அடங்கியிருக்கிறது. ஜேம்ஸ் வாட் குதிரைத்திறனை வகுத்தது தன் நீராவி எஞ்சினை வாங்க வருபவருக்கு, அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று புரியவைக்க. நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்பது அவர் வைத்த கணக்கு. முறுக்குவிசை அளக்கப்பட்டது பட்டறையில். 1821-ல் பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் த ப்ரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அதிலிருந்து நீளும் கோலின் முனையில் எடை தொங்கவிட்டு, தண்டின் திருகும் வலிமையை அளந்தார். 1877-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் கப்பல் எஞ்சின்களுக்காகத் தண்ணீரையே பிரேக்காக்கும் டைனமோமீட்டரைக் கொண்டுவந்தார். வாங்குபவருக்குச் சொல்ல குதிரைத்திறன், செய்பவர் அறிந்துகொள்ள முறுக்குவிசை என்ற அந்தப் பிரிவினை இரண்டு நூற்றாண்டுகள் கழித்தும் ஷோரூம்களில் அப்படியே இருக்கிறது.

*

ஓர் எடுத்துக்காட்டை விரித்துப் பார்க்கலாம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ன் இன்றைய எஞ்சின் 349 சிசி. நிறுவனம் தரும் எண்கள்: 4000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர், 6100 ஆர்பிஎம்மில் 20.2 குதிரைத்திறன். 27 நியூட்டன் மீட்டர் என்பது, ஒரு மீட்டர் நீள ஸ்பானரை ஒரு நட்டில் மாட்டி அதன் முனையில் இரண்டே முக்கால் கிலோ எடையைத் தொங்கவிட்டால் அந்த நட்டு உணரும் திருகல். 195 கிலோ வண்டியையும் இரண்டு ஆட்களையும் இழுப்பதன் மூலதனம் இவ்வளவுதான். கியரும் செயினும் அதைப் பல மடங்காகப் பெருக்கிச் சக்கரத்துக்குத் தருகின்றன.

இரண்டு எண்களுக்கும் இடையிலான உறவு எளிது. நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி, சுமார் 7024-ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன். 4000-ல் 27 என்றால் அங்கே திறன் 15 குதிரைகளைச் சற்றே தாண்டும். 6100-ல் 20.2 குதிரைகள் என்றால் அங்கே முறுக்குவிசை 23-ஐ ஒட்டி இறங்கிவிட்டிருக்கும். அதாவது 4000-க்குப் பிறகு எஞ்சினின் ஒவ்வொரு திருகலும் வலுவிழந்துகொண்டே வருகிறது. ஆனால் திருகல்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடுவதால் திறன் ஏறிக்கொண்டே போகிறது. எண்ணிக்கையால் ஈடுகட்ட முடியாத இடம் வரும்போது திறனும் சரிகிறது. டைனோ தாளில் முதலில் கவிழும் கோடு முறுக்குவிசை, பின்னால் கவிழ்வது திறன். இது எல்லா எஞ்சினுக்கும் பொருந்தும்.

இந்த வண்டியைப் பெங்களூர் டைனோவில் ஏற்றினால் தாளில் 27 வராது. நிறுவனத்தின் எண் கிராங்க் தண்டில், வரையறுத்த காற்றில் அளந்தது. இங்குள்ள காற்றில் அது 24-ஐ ஒட்டி வரும். கியர்பெட்டி, செயின், டயர் ஆகியவற்றின் உராய்வு இன்னும் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தைத் தின்றுவிடும். சக்கரத்தில் 21 என்று தாள் காட்டினால் அந்த எஞ்சின் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ளாமல் தாளைப் பார்ப்பவர் நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று கோபப்படுவார். கூட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் பணம் கொடுப்பார்.

காற்றின் குறையைக் கணக்கில் சரிசெய்வதற்குத் திருத்தக் காரணிகள் உண்டு. எஸ்ஏஇ ஜே1349 என்ற முறை 25 டிகிரி வெப்பமும் 990 மில்லிபார் உலர்காற்றும் இருந்திருந்தால் எஞ்சின் எவ்வளவு தந்திருக்கும் என்று கணக்கிடுகிறது. எஸ்டிடி என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் பழைய முறை இன்னும் குளிர்ந்த, இன்னும் அடர்ந்த காற்றைக் கற்பனை செய்வதால் அதே ஓட்டத்துக்கு நான்கு சதவீதம் போலக் கூடுதலாகக் காட்டும். பெங்களூரின் ஒரு சாதாரண நடுப்பகலில் ஜே1349 சூத்திரத்தில் எண்களை இட்டுப் பார்த்தால் காரணி 1.13-ஐ ஒட்டி வருகிறது. அப்படியென்றால் இங்கே அளக்கப்படும் ஒவ்வொரு நூறுக்கும் பதின்மூன்று கணக்கால் சேர்க்கப்படுவது. திருத்தம் பெரிதாகப் பெரிதாக அதன்மீது வைக்கும் நம்பிக்கை சிறிதாக வேண்டும். மாற்றத்துக்கு முந்தைய தாள் ஒரு முறையிலும் பிந்தைய தாள் இன்னொரு முறையிலும் அச்சாகியிருந்தால், எதையும் தொடாமலே எஞ்சின் வலுத்துவிடும்.

ஆகவே வேறு ஊர்த் தாளோடு, வேறு டைனோவோடு, இன்னொருவர் வண்டியோடு ஒப்பிடுவதில் பயன் குறைவு. அதே வண்டி, அதே டைனோ, அதே நாள், அதே டயர் காற்று, அதே எஞ்சின் சூடு. முன்பு மூன்று ஓட்டம், பின்பு மூன்று ஓட்டம். மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால்தான் அளவீடு நிலையாக இருக்கிறது. அவற்றுக்கிடையே இரண்டு சதவீத விலகல் இருக்கும்போது, இரண்டு சதவீதம் கூடிவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது.

*

உடலின் தீர்ப்பை ஏன் நம்ப முடியாது என்பதற்கும் அந்தத் தாளிலேயே விடை இருக்கிறது. வண்டியில் உட்கார்ந்திருக்கும் உடல், முடுக்கத்தின் அளவை உணர்வதைவிட அது மாறும் விதத்தைக் கூர்மையாக உணர்கிறது. கோடு சமமாக நீண்டு கிடக்கும் எஞ்சின் சாதுவாகத் தோன்றும். நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, அதற்கப்புறம் செங்குத்தாக ஏறும் எஞ்சின் வீரனாகத் தோன்றும். பள்ளத்தில் இழந்ததை உடல் மறந்துவிடுகிறது, ஏற்றத்தின் உதையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறது. பெரிய வாய் கொண்ட ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டியவுடன் வண்டி வேகமானதாகத் தோன்றுவதன் ரகசியங்களில் ஒன்று இது. இன்னொன்று சத்தம். காது கேட்பதை இடுப்பு நம்புகிறது.

என் தலைமுறைக்கு முந்தையவர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் யமஹா ஆர்எக்ஸ் 100 இதற்கு நல்ல சாட்சி. 1985-ல் வந்து 1996 வரை தயாரிக்கப்பட்ட அந்த 98 சிசி வண்டிக்கு 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன், 6500-ல் பத்தரை நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்றைய எண்களோடு வைத்தால் சிறியவை. ஆனால் வண்டியின் எடையே நூறு கிலோ சுற்றுவட்டாரம்தான். அதோடு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கே உரிய அந்தச் சட்டென்ற ஏற்றம். எடைக்குத் தகுந்த இழுவையும் கோட்டின் சரிவும் சேர்ந்து உண்டாக்கிய மயக்கத்தில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்த மயக்கம் பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. அந்த இன்பம் உண்மை. அதை அளவீடாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

அதே காலத்தில், 1983-ல், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் 350 என்ற பெயரில் யமஹாவின் ஆர்டி 350-ஐ இந்தியாவில் தயாரித்தது. முதலில் வந்தது 30.5 குதிரைத்திறன். பெட்ரோல் செலவைக் குறைக்க மாற்றியமைத்த பின் வந்தது 27. ஆர்வலர்கள் இன்றும் முன்னதை ஹைடார்க், பின்னதை லோடார்க் என்று பிரித்துச் சொல்கிறார்கள். பெட்ரோல் சிக்கனத்துக்கும் இழுவைக்கும் நடுவே ஒரு தயாரிப்பாளர் எடுத்த முடிவு, நாற்பதாண்டுகள் கழித்தும் ஒரு வண்டியின் விலையைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

*

எலெக்ட்ரானிக் சிட்டி என்பது 1970களின் பிற்பகுதியில் கியோனிக்ஸ் நிறுவனத்தை நடத்திய ஆர்.கே. பாலிகா கண்ட கனவு. கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களின் 332 ஏக்கரில் அது தொடங்கியது. சில்க் போர்டிலிருந்து பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2010 முதல் இருக்கிறது. மஞ்சள் வழித்தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. ஆனாலும் காலையில் ஒசூரிலிருந்து அத்திபெலே, சந்தாபுரா, பொம்மசந்திரா வழியாக வரும் இருசக்கர வண்டிகளின் வரிசை குறையவில்லை. அந்த வரிசையில் போகும் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் உழைக்கிறது? இரண்டாவது கியரில், மூன்றாவது கியரில், 2500-க்கும் 4500-க்கும் நடுவே. திராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது. 9000 ஆர்பிஎம்மில் தாள் காட்டும் உச்சத்தை அந்த எஞ்சின் மாதக்கணக்கில் தொடுவதே இல்லை.

டைனோ தாளை வாங்கியதும் கண் உச்சப் புள்ளிக்குத்தான் ஓடும். கையால் அதை மூடிக்கொண்டு, நாம் அன்றாடம் ஓட்டும் ஆர்பிஎம் எல்லைக்குள் கோட்டைப் பார்க்க வேண்டும். அங்கே அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? எவ்வளவு தட்டையாக இருக்கிறது? பள்ளம் இருந்தால் எங்கே? கீழே தனியாக ஓடும் காற்று-எரிபொருள் விகிதக் கோடு அதே இடத்தில் என்ன சொல்கிறது? ஹோண்டா 2020-ல் கொண்டுவந்த ஹைனஸ் சிபி350 உச்சத் திறனில் கிளாசிக்கோடு ஏறக்குறையச் சமம். ஆனால் அதன் 30 நியூட்டன் மீட்டர் 3000 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது. ஒசூர் ரோட்டில் ஓட்டுபவருக்கு அந்த 3000 என்ற எண்தான் முக்கியம்.

*

இழுவையைக் கூட்ட முடியுமா? முடியும். எவ்வளவு என்பதில் அடக்கம் வேண்டும். காற்றைத் தானாக இழுக்கும் எஞ்சினில் முறுக்குவிசையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கொள்ளளவுதான். கிளாசிக் 350 லிட்டருக்கு 77 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஒசூர் டிவிஎஸ் தயாரிக்கும் அப்பாச்சி ஆர்ஆர் 310, முதலில் அறிவித்த 27.3 என்ற எண்ணை வைத்துப் பார்த்தால், லிட்டருக்கு 87. முன்பு வந்த 373 சிசி கேடிஎம் டியூக் 390 லிட்டருக்கு 99. கிளாசிக் நிதானமான வண்டி, கேடிஎம் பந்தயத் திடலுக்கும் போகக்கூடியது. இருந்தும் முறுக்குவிசையில் இடைவெளி மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. லிட்டருக்கான குதிரைத்திறனில்தான் கேடிஎம் இருமடங்கு, அதற்குக் காரணம் அது வேகமாகச் சுழல்வது. ஒரு சைலன்சரை மாற்றி முறுக்குவிசையை இருபது சதவீதம் ஏற்றிவிட்டேன் என்று யாராவது சொன்னால், இந்த எண்களை நினைத்துக்கொண்டாலே போதும்.

கூட்டுவதற்கு முன் மீட்க வேண்டும். பல ஆண்டு ஓடிய வண்டியின் முதல் டைனோ ஓட்டம் பெரும்பாலும் ஒரு மருத்துவப் பரிசோதனை. வறண்டு இறுகிய செயின், லேசாக ஒட்டிக்கொண்டே சுழலும் பிரேக், தூசி அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், இடைவெளி தவறிய வால்வு, குறைந்த டயர் காற்று என ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டிருக்கும். கிளட்ச் நழுவினால் தாளில் ஒளிக்க முடியாது: எஞ்சின் ஆர்பிஎம் ஏறும், உருளை ஏறாது. இவற்றைச் சரிசெய்து பெறும் இழுவைக்கு எந்த விளம்பரமும் இல்லை. ஆனால் எஞ்சினைத் தொடாமல் கிடைப்பதில் அதுவே பெரியது.

அடுத்தது கலவை. முழுத் திராட்டிலில் பெட்ரோல் எஞ்சின் தன் நல்ல இழுவையைப் பதின்மூன்று பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தை ஒட்டித் தருகிறது. கார்புரேட்டர் வண்டியை மலையேற்றினால் காற்றின் அடர்த்தி குறைந்து கலவை செறிவாகும். அதனால் பெங்களூரில் பெட்ரோலைக் குறைக்கச் சிறிய ஜெட் போடச் சொல்வார்கள். ஆனால் இன்று பம்பில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குக் குறைந்த காற்றே போதும் என்பதால் அது கலவையை மெலிதாக்குகிறது. உயரம் ஒரு பக்கம் இழுக்க, எரிபொருள் மறுபக்கம் இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்துவிடுகின்றன. பழைய வாய்ப்பாட்டின்படி ஜெட்டைச் சிறிதாக்கினால் எஞ்சின் சூடேறித் தவிக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் சரியாக இருந்த அறிவு, சூழல் மாறியதும் தவறாகிவிடுகிறது. அதை டைனோவின் விகிதக் கோடு ஒரே ஓட்டத்தில் காட்டிவிடும்.

ஸ்பார்க் நேரமும் அப்படித்தான். மிக முன்னால் வைத்தால் ஏறிவரும் பிஸ்டனை எரிதலே எதிர்த்துத் தள்ளும், நாக்கிங் வரும். மிகப் பின்னால் வைத்தால் விரிவதற்குள் வெப்பம் சைலன்சர் வழியே போய்விடும். உச்ச அழுத்தம் பிஸ்டன் மேல்முனையைக் கடந்த பிறகு பதினைந்து டிகிரிக்கு அருகில் விழும்படி வைப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. பெங்களூரில் உருவான பவர்ட்ரானிக் போன்ற கூட்டுக் கணினிகள் இந்த இரண்டையும், பெட்ரோலையும் நேரத்தையும், ஆர்பிஎம் வாரியாகத் திருத்த இடம் தருகின்றன. எலெக்ட்ரானிக் சிட்டியில் பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்கள் இருக்கிறார்கள்; ஒசூர் ரோட்டில் போகும் வண்டிகளின் கணினிகளில் ஓடும் அட்டவணைகளும் இத்தகைய அலுவலகங்களில் உருவாகுபவையே. அந்த அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் டைனோவில் செலவிட்ட நேரம் இருக்கிறது.

மற்றவை எல்லாம் பேரங்கள். அழுத்த விகிதத்தை 9.5-லிருந்து 10.5-க்கு உயர்த்தினால் கணக்கின்படி கிடைப்பது இரண்டு மூன்று சதவீதம். விலையாக நாக்கிங் ஆபத்து. நீளமான, குறுகிய இன்டேக் குழாய் கீழ் ஆர்பிஎம்மில் சிலிண்டரை நிரப்பும், மேலே மூச்சுத் திணறும். அகன்ற சைலன்சர் குழாயில் மேலே மூச்சு சுலபம், கீழே வாயுவின் வேகம் குறைந்து இழுவை சரியும். நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்டும் அதையே செய்யும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல்லுக்குப் பதில் 13 போட்டால் சக்கரத்தில் உந்துதல் சுமார் 7.7 சதவீதம் கூடும், ஒவ்வொரு கியரிலும் வேகம் சுமார் 7.1 சதவீதம் குறையும். எஞ்சின் முறுக்குவிசையோ துளியும் மாறாது, டைனோ தாளும் அதே கோட்டையே மறுபடி வரையும். ஆனால் ஊருக்குள் ஓட்டுபவருக்கு அது நியாயமான பேரம்தான். தான் கொடுப்பது என்ன என்று தெரிந்து செய்தால் எந்தப் பேரமும் தவறில்லை.

ஒன்று மட்டும் பேரத்துக்கு வெளியே நிற்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 மாசு விதிகள் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் வழியாகத்தான் நம் குழந்தைகளின் நுரையீரலைக் காக்கின்றன. அதைக் கழற்றி எறிந்து வாங்கும் இரண்டு குதிரைத்திறனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியின் நீலாத்ரி ரோட்டில் நடந்து போகும் யாரோ விலை கொடுக்கிறார்கள். பந்தயத் திடலில் ஓட்ட வேண்டியதை அங்கே ஓட்டலாம். இருங்காட்டுக்கோட்டையும் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் அதற்காகவே இருக்கின்றன.

இந்தக் கேள்விகளில் பலவற்றை மின்வண்டி வேறொரு திசைக்குக் கொண்டுபோய்விட்டது. சென்னை ஐஐடியில் படித்த இருவர் 2013-ல் தொடங்கிய ஏத்தர் நிறுவனத்தின் வண்டிகள் ஒசூரில் தயாராகி இதே சாலையில் வருகின்றன. மோட்டாரின் முழு முறுக்குவிசை நின்ற நிலையிலிருந்தே கிடைக்கிறது. அது மூச்சு விடுவதில்லை என்பதால் பெங்களூரின் மெல்லிய காற்று அதை ஒன்றும் செய்வதில்லை. வளைகோட்டின் நடுப்பகுதியை நிரப்பப் பெட்ரோல் எஞ்சின் பொறியாளர்கள் பட்ட பாடு அனைத்தும் அங்கே இயல்பாகவே அமைந்துவிடுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது மின்வண்டி தரும் சுகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு, கோட்டின் இடப்பக்கத்தைப் பாருங்கள் என்பதே பதில்.

*

இந்த ஊர் அலுவலகங்களில் மனிதர்களுக்கும் ஆண்டுக்கொரு மதிப்பீட்டுத் தாள் வருகிறது. அதில் எண் இருக்கும், தரம் இருக்கும், ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டு இட்ட இடம் இருக்கும். டைனோ தாளின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும்: வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், திருத்தக் காரணி. எந்தக் காற்றில் இந்த எஞ்சின் உழைத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் அது தன் எண்ணைச் சொல்கிறது. மனிதர்களை அளக்கும் தாள்களில் அந்த வரி இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக, ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் நாவோடு, ஊருக்குப் பாதிச் சம்பளம் அனுப்பிக்கொண்டு வேலை செய்யும் ஒருத்தி எத்தனை மில்லிபார் அழுத்தத்தில் சுவாசித்தாள் என்று அங்கே யாரும் குறிப்பதில்லை. அவள் ஆண்டு முழுவதும் தந்த நிதானமான உழைப்பு, கோட்டின் நடுப்பகுதி, அந்தத் தாளில் வருவதே இல்லை. ஒரு காலாண்டில் யாரோ தொட்ட உச்சம் வந்துவிடுகிறது.

உலோக உருளை ஒன்றுக்கு இருக்கும் நேர்மையை நம் மதிப்பீடுகளிடமும் எதிர்பார்ப்பது அதிகப்படி இல்லை. முதல் படியாக வண்டிகளிடமிருந்தே தொடங்கலாம். தயாரிப்பாளர்கள் உச்சத்தின் இரண்டு எண்களோடு நிறுத்தாமல் முழு வளைகோட்டையும் அச்சிட வேண்டும். அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் வண்டிகளைப் பற்றி எழுதுபவர்கள் அதைக் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும். டியூன் செய்பவர்கள் முன்னும் பின்னும் எடுத்த ஓட்டங்களை ஒரே தாளில், ஒரே திருத்த முறையில், காற்றின் விவரத்தோடு தர வேண்டும். பணம் கொடுப்பவர் உச்சத்தைக் கேட்பதற்கு முன், 3000 ஆர்பிஎம்மில் என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டும். கேட்கத் தொடங்கினால் காட்டத் தொடங்குவார்கள்.